திருப்பிப் போட்ட கண்ணாடி

மண்டபத்துக் கரையில், உடைமர நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரைப் படமெடுத்துத் திரையில் காட்டினேன். அவர் முகம் தெளிவாக இருந்தது. பின்னால் இலைகளின் இடுக்கில் ஒழுகிய வெளிச்சப் பொட்டுகளோ அவர் தலையைச் சுற்றி வட்டமடித்தன. "மரத்துக்கு ஏன் தம்பி தலை சுற்றுகிறது?" என்றார்.

மரத்தின் மேல் குற்றமில்லை. நான்தான் லென்ஸின் முன்கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் போட்டிருந்தேன். அந்த லென்ஸ் ஹீலியோஸ் 44-2. சோவியத் நாட்டின் ஜெனிட் கேமராக்களோடு வந்தது. ஜெர்மானிய பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது. குவியத் தொலைவு 58 மில்லிமீட்டர். உள்ளே 4 தொகுதிகளாக 6 கண்ணாடிகள்.

சுழல் எப்படி வருகிறது? வீட்டில் இரண்டு வளையல்கள் இருந்தால் போதும். ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு விரற்கடை இடைவெளி விட்டுப் பிடித்து நேராகப் பாருங்கள்: வட்டம். தலையைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். முன்வளையல் ஒரு பக்கத்தையும் பின்வளையல் மறுபக்கத்தையும் வெட்ட, மிஞ்சும் திறப்பு மேலிருந்து பார்த்த வள்ளம்போல இருபுறமும் கூம்பிப்போகும். லென்ஸின் முன், பின் விளிம்புகளும் அந்த வளையல்களைப் போலத்தான். படத்தின் நடுவில் விழும் மங்கல் பொட்டுகள் வட்டமாக இருக்கும். ஓரத்துப் பொட்டுகள் வள்ளமாகும். எல்லா வள்ளங்களும் நடுவை வலம்வருவதுபோல் கிடப்பதால் கண் அதைச் சுழலாகப் படிக்கிறது. சரிந்து நுழையும் ஒளி ஒரே இடத்தில் குவியாமல் கோடாக இழுபடுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இவ்வளவும் லென்ஸின் பிறவிக்குணம். முன்கண்ணாடியைத் திருப்பிப் போட்டால் அது வெறிகொள்கிறது. அந்தக் கண்ணாடியின் வெளிமுகம் நன்றாகப் புடைத்தது. உள்முகம் ஏறக்குறைய தட்டை. புடைப்பு வெளியே இருக்கும்வரை ஒளியை வளைக்கும் வேலையை இரு முகங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. திருப்பினால் தட்டைமுகம் சும்மா இருந்துவிட, இருவர் தூக்க வேண்டிய மீன்கூடை ஒருவர் தலையில் ஏறுகிறது. விளிம்பில் நுழையும் கதிர்கள் அளவுக்கு மீறி வளைந்து முன்னதாகவே குவிந்துவிடுகின்றன. ஒருபுறம் முழுத்தட்டையான தனிக் கண்ணாடியில் இந்தப் பிழை ஏறத்தாழ 4 மடங்காகும் என்று கணக்குச் சொல்கிறது. கூர்மை அமையும் பரப்பும் கிண்ணம்போல் குழிவதால் ஓரங்கள் கரைந்துபோகின்றன. வடிவமைத்தவர்கள் பாடுபட்டு ஒடுக்கிய பிழையை நாம் வலிய அழைத்து வருகிறோம். எல்லாப் படத்துக்கும் இது ஆகாது. கல்யாண வீட்டில் செய்தால் உதைதான் கிடைக்கும்.

கழற்றுவதில் வித்தை ஒன்றுமில்லை. லென்ஸின் வாயில் பெயர் பொறித்த வளையம் இருக்கும். அதன் அளவுக்கு ஒரு மூடி தேடி, விளிம்பில் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டி, அழுத்தி இடப்பக்கமாகத் திருகினால் வளையம் அசையும். கண்ணாடியைப் பிடித்திருப்பது கழன்றதும் மெத்தென்ற துணிமேல் மெல்லக் கவிழ்த்தால் கண்ணாடி வந்துவிடும். எந்த முகம் வெளியே இருந்தது என்று முதலிலேயே விளிம்பில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களைச் சாத்துங்கள். நான் சாத்தவில்லை. ஆடிக் காற்று கொண்டுவந்த ஒரு மணல் குருணை கூர்மையைச் சரிசெய்யத் திருகும் குவிய வளையத்தின் மரையில் புகுந்து இன்றுவரை நறநறக்கிறது. உப்புக்காற்று இன்னும் மோசம்: கண்ணாடியில் படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, பிறகு நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

லென்ஸுக்குள் ஒளி புகும் துளை முழுக்கத் திறந்து எஃப் 2-இல் இருந்தால்தான் வேடிக்கை. அப்போது அதன் அகலம் குவியத் தொலைவில் பாதி, 29 மில்லிமீட்டர். எஃப் 8-க்குச் சுருக்கினால் எட்டில் ஒரு பங்கு, சுமார் 7 மில்லிமீட்டர்தான். விளிம்புகள் அதை எட்டி வெட்ட முடியாது, சுழல் அடங்கிவிடும்.

பின்னணியில் பொட்டுப் பொட்டாக வெளிச்சமும் வேண்டும். இது தெரியாமல் ஒரு காலையில் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போனேன். சூரியனுக்குக் கீழே அலைகள் மினுங்கிய இடத்தில் மட்டும் சில வள்ளங்கள் படுத்துக் கிடந்தன. மேலே வெறும் வானம். திரும்பி வந்து அதே உடைமரத்தடியில் உட்கார்ந்தேன்.