பீட்: டயரின் கம்பிவிளிம்பு

டயரின் உள்விளிம்பில், சில்லின் வெளிவட்டமான ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் தடித்த வளையம்தான் பீட். கழற்றிய டயரைக் கையில் எடுத்தால் இரு பக்கமும் விறைப்பாக நிற்கும் பகுதி அது. உள்ளே உருக்குக் கம்பிகள் வளையமாக ஓடும். மேலே ரப்பர் போர்த்தியிருக்கும். கம்பி நீளாது. அதனால்தான் உள்ளே காற்று தள்ளினாலும் டயர் ரிம்மை விட்டு வெளியே கழன்று வராது.

பீட் (bead) ஆங்கிலச் சொல்; பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு வேண்டுதல் என்று பொருள். செபமாலையில் ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஒரு மணி உருட்டுவதால், பெயர் வேண்டுதலை விட்டு மணிக்குத் தாவியது. அப்புறம் மரவேலையில் மணிபோல உருட்டிச் செதுக்கிய விளிம்புக்கும் அதே பெயர் வந்தது. டன்லொப் 1888இல் செய்த காற்று டயர் சில்லோடு ஒட்டிக் கட்டப்பட்டது; பஞ்சர் பார்ப்பது பெரும்பாடு. 1890இல் இரண்டு வழிகள் பிறந்தன. பார்ட்லெட் என்பவர் தடித்த ரப்பர் விளிம்பை ரிம்மின் மடிப்புக்குள் கொழுவ வைத்தார். வெல்ச் என்பவர் விளிம்புக்குள் கம்பி வைத்து, ரிம்மின் நடுவைப் பள்ளமாக்கினார். இன்று நம் பைக்குகளில் இருப்பது வெல்ச்சின் கம்பி. பெயரோ உருண்ட விளிம்பின் பெயர்.

எனவே தமிழில் ‘மணி’ என்று போடுவது பொருந்தாது. அங்கே மணி எதுவும் இல்லை. வெறும் ‘விளிம்பு’ என்றால் ரிம்மின் விளிம்போடு குழம்பும். என் தெரிவு ‘கம்பிவிளிம்பு’. பொருளைப் பார்த்தவருக்கு உடனே விளங்கும். ரிம்முக்கு நம்மிடம் பழைய சொல்லே உண்டு: சங்கப் பாட்டில் வண்டிச் சில்லின் வட்டைக்குச் ‘சூட்டு’ என்று பெயர். ஆனால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கப் போகிறவர் ரிம் என்றே கேட்கட்டும்.

வினைச்சொல்லில்தான் கூடுதல் கவனம் வேண்டும். டயரை ரிம்மில் ‘ஏற்றுவது’ வேறு, ‘அமர்த்துவது’ வேறு. நெம்புகோலால் கம்பிவிளிம்பை ரிம்முக்குள் தள்ளுவது ஏற்றுதல். அப்போது எதிர்ப்பக்க விளிம்பை நடுப்பள்ளத்துக்குள் மிதித்து வைத்தால் கை நோகாது. டியூப் உள்ள சில்லென்றால் டியூபுக்குக் கொஞ்சம் காற்று கொடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நெம்புகோல் அதைக் கடித்துவிடும். இவ்வளவோடு டயர் ஏறிவிட்டது, ஆனால் இன்னும் அமரவில்லை.

காற்று ஏறும்போது இரு விளிம்புகளும் பள்ளத்திலிருந்து வெளிப்பக்கமாக நகர்ந்து, ரிம்மின் இருக்கையில் ‘டக்’ என்று விழும். அதுதான் அமர்தல். இரு பக்கமும் விழ வேண்டும். மழை நேரம் ஆமர் வீதி ஓரத்தில் சில்லைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு அந்தச் சத்தம் கேட்காமல் போகலாம். கண்ணுக்கு வேறு அடையாளம் உண்டு: டயரின் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று ஓடும். ரிம்முக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிவர ஒரே அளவாக இருந்தால் விளிம்பு அமர்ந்துவிட்டது. ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால் அந்த இடத்தில் அமரவில்லை. அப்படியே ஓடினால் சில்லு துள்ளும். டியூப் இல்லாத டயரென்றால் காற்றும் கசியலாம்.

அமராவிட்டால் காற்றை இறக்கி, சவர்க்காரத் தண்ணீரை விளிம்பில் பூசி மறுபடி அடிக்க வேண்டும். எண்ணெய், கிரீஸ் வேண்டாம்: ரப்பரைக் கெடுக்கும், டயர் ரிம்மில் வழுக்கும். டியூப் இல்லாத டயருக்குக் காற்று பிடிக்கவே இல்லையென்றால், டயரின் ஓடுதளத்தை, அதாவது வீதியில் படும் பரப்பை, சுற்றிப் பட்டி போட்டு இறுக்கினால் விளிம்புகள் வெளிப்பக்கம் தள்ளப்படும். வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று வேகமாகப் புகும். பெற்றோல் ஊற்றிக் கொளுத்தி அமர்த்தும் வித்தை டயரையும் கையையும் சேர்த்து எரிக்கும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பதும் அதே அளவு ஆபத்து. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் அமர்த்தி, பிறகு பைக்குக்குச் சொல்லப்பட்ட அளவுக்குக் காற்றை இறக்க வேண்டும்.

கடையில் சில்லை வாங்கும்போது “டயர் போட்டாச்சா?” என்று கேட்டால் ஏற்றியதற்கும் ஆம் என்ற பதில் வரும். “ரெண்டு பக்கமும் உட்கார்ந்திட்டா?” என்று கேளுங்கள்.