பிரெட் மெஷினில் தேன் ஓட்ஸ் பிரெட்: தராசில் வைத்துப் பார்த்தால்

"கடை பிரெட்டை அடியோடு நிறுத்திட்டேன் மேடம். வீட்டிலேயே மெஷின்ல தேன் ஓட்ஸ் பிரெட்தான்." உணவு ஆலோசனைக்கு வந்தவர் பெருமையாகச் சொன்னார். ஆனால் அவருடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு முன்பைவிட ஏறியிருந்தது. செய்முறையைக் கேட்டேன். மைதா 3 கப், ஓட்ஸ் அரை கப், தேன் கால் கப், கொஞ்சம் வெண்ணெய், உப்பு, ஈஸ்ட்.

இதைக் கப்பில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எடை போட்டால் மைதா சுமார் 390 கிராம், தேன் 85, ஓட்ஸ் 40. ஓட்ஸைப் போல இரண்டு மடங்கு தேன்! 14 துண்டு போட்டால், ஒரு துண்டில் ஓட்ஸ் 3 கிராம்தான் வரும். ஓட்ஸில் ரத்தத்தின் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுவது பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. அது ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டும். அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். இந்த பிரெட்டை நம்பினால் ஒரு நாளில் 25 துண்டு!

தேன் இயற்கையானதுதான், ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் தேனையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று அவர் சாப்பிட்ட நான்கு துண்டில் தேனிலிருந்து மட்டும் சுமார் 20 கிராம் சர்க்கரை. மைதாவின் கணக்கு தனி.

ஈஸ்டுக்குத் தீனி வேண்டாமா என்று கேட்பார்கள். மாவில் உள்ள நொதிகளே மாவுச்சத்தை உடைத்து அதற்கு வேண்டியதைக் கொடுத்துவிடும். வாசனைக்கு ஒரு மேசைக்கரண்டி தேன் போதும். அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது: மைதா 200 கிராம், கோதுமை மாவு 150, ஓட்ஸ் 100, தேன் 20, உப்பு 6, உலர் ஈஸ்ட் 5, தண்ணீர் சுமார் 300 மில்லி. ஓட்ஸ் தண்ணீரை மெதுவாக இழுக்கும். அதனால் பிசைய ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள். மாவு வறண்டு உருண்டால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், பாத்திரத்தில் ஒட்டினால் ஒரு மேசைக்கரண்டி மாவு. உப்ப ஆரம்பித்த பிறகு திறக்க வேண்டாம். தேன் சீக்கிரம் சிவக்கும், ஆகவே மெஷினில் மேல்தோலின் நிறத்தை 'லைட்' என்று வையுங்கள்.

இரவில் டைமர் வைத்துக் காலையில் சுடச்சுட எடுப்பது சுகம்தான். ஆனால் பாலோ முட்டையோ சேர்த்தால் டைமர் வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஏழெட்டு மணி நேரம் வெளியே கிடந்த பாலை நீங்கள் குடிப்பீர்களா?

இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்த பிரெட்டைப் பிய்த்துக் கொடுக்காதீர்கள். தேனில் பொட்டுலிசம் என்ற, தசைகளை முடக்கும் நோயின் கிருமி வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அவற்றை வளரவிடாது. பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நச்சு சுரக்கும். "அதான் வேகுதே" என்பார்கள். மெஷின் எவ்வளவு சூடானாலும் பிரெட்டின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அந்த வித்துகளைக் கொல்ல அழுத்தத்தோடு 121 டிகிரி வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்துக்கும் இதே பதில்தான். தேன் உள்ளே போன குழந்தைக்கு மலச்சிக்கல், கண் இமை சரிவது, அழுகை மெலிவது, பால் குடிக்கத் திணறுவது எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அவர் அடுத்த மாதம் வந்தார். புது பிரெட் அவ்வளவாக உப்பவில்லையாம். "கனமா இருக்கு மேடம், இரண்டு துண்டுக்கு மேல இறங்கல" என்று குறைப்பட்டுக்கொண்டார். சரி, கூட ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.