ஒவ்வாமை: ஒரு சொல்லுக்குள் மூன்று நோய்கள்

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே, ‘வேறு’, ‘செயல்’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து உருவாக்கினார். அந்நியப் பொருளொன்றை முன்பே சந்தித்த உடல் மறுமுறை மாறுபட்டு எதிர்வினை காட்டுவதையே அவர் குறித்தார். அம்மாற்றம் உடலைக் காப்பதாகவும் இருக்கலாம், வருத்துவதாகவும் இருக்கலாம். நாளடைவில் காக்கும் பொருள் கழன்று, வருத்தும் பொருள் மட்டும் எஞ்சியது.

தமிழில் இது ‘ஒவ்வாமை’. ஒவ்வுதல் என்றால் பொருந்துதல். அதனோடு எதிர்மறை ‘ஆ’வும் ‘மை’ விகுதியும் சேர்ந்து, கல்லாமை, பொறாமை போலச் சொல் அமைகிறது. இலங்கை மலையகத்துப் பேச்சில் ‘ஒத்துக்காது’ என்பதும் இதற்கு உறவுதான் என்பதால், வலிந்து புனைந்த கலைச்சொல்லாக இது என் காதில் விழுவதில்லை.

சிக்கலும் அந்த நெருக்கத்திலேயே இருக்கிறது. பெனிசிலின் குடித்து வயிறு கலங்கியவரும், அதே மருந்தை ஊசியாகப் போட்டதும் உடல் தடித்து மூச்சடைத்தவரும், பால் குடித்தால் வயிறு ஊதுபவரும் “எனக்கு ஒத்துக்காதுங்க டொக்டர்” என்றே சொல்வார்கள். முதலாவது பக்கவிளைவு, மூன்றாவது பாற்சர்க்கரை செரியாமை; நடுவில் உள்ளதே ஒவ்வாமை. கிளினிக் கொப்பியில் மூன்றும் ‘அலர்ஜி’ என்று சிவப்பு மையில் ஏறிவிட்டால், பின்னர் பார்க்கும் வைத்தியருக்கு வேறுபாடு தெரியாது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளதாகப் பதியப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு அம்மருந்து தீங்கு செய்வதில்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் குளவி கொட்டும்போதும் இந்த வேறுபாடு தேவை. கொட்டிய இடம் வீங்கி எரிவது பெரும்பாலும் நஞ்சின் வேலை. உடலெங்கும் தடித்து, குரல் கம்மி, மயங்கி விழுவது அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே. அரிப்புக்கும் தடிப்புக்கும் வழக்கமாகக் கொடுக்கும் அன்டிஹிஸ்டமின் மருந்து அதற்கு ஈடாகாது.

குடும்ப வைத்தியரின் அறிவும் ஒரே இடத்தில் நின்றுவிட முடியாது. ஒவ்வாமை வரும் ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கச்சான் (நிலக்கடலை) வேண்டாம் என்று 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்தியது. 2015இல் வெளியான லண்டன் ஆய்வோ, அத்தகைய குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே பக்குவமாக ஊட்டத் தொடங்கினால் கச்சான் ஒவ்வாமை வெகுவாகக் குறைவதைக் காட்டியது. பழைய பாடத்தோடு நின்ற வைத்தியர் இன்றும் தாய்மாரிடம் ‘கொடுக்காதீர்கள்’ என்றே சொல்லக்கூடும்.

ஆகவே கொப்பியில் ‘அலர்ஜி’ என்று மட்டும் எழுதாமல், ‘பெனிசிலின் ஊசி, பத்து நிமிடத்தில் உடல் முழுதும் தடிப்பு, மூச்சுத்திணறல்’ என்று ஆண்டையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.