கேஸ் மாத்திரைக்கு முன்னால் குரல்வளையைப் பார்க்க வேண்டும்

அந்த டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பெயரைச் சொல்வதற்குள் மூன்று முறை செருமினார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். காலையில் எழுந்தால் குரல் கம்மியிருக்கிறது, பத்து மணிக்கு மேல்தான் திறக்கிறது. தொண்டையில் முடி சிக்கியது போல ஏதோ உறுத்துகிறது. விழுங்கினாலும் இறங்கவில்லை, காறினாலும் வரவில்லை. நான்கு மாதத்தில் இரண்டு தடவை ஆன்டிபயாடிக், அதன் பிறகு அலர்ஜி மாத்திரை. மிளகுப்பாலும் அதிமதுரமும் தனிக் கணக்கு.

"நெஞ்செரிச்சல் உண்டா?" என்றேன்.

"இல்லவே இல்லை, டாக்டர். கல்லைத் தின்றாலும் எனக்குச் செரிக்கும்."

இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்துப் பத்தரை. படுப்பது பதினொன்று. நடுவில் தூக்கம் வராமலிருக்க இரண்டு டம்ளர் காபி.

இரைப்பையில் இருப்பது மேலே எதுக்களித்து வந்தால் நெஞ்சு எரிந்தே தீர வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம்; கொஞ்சம் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும், எச்சில் வந்து கழுவியும் விடும். குரல்வளையின் மேல்தோலுக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. அமிலத்தோடு ஏறிவரும் பெப்சின் என்ற செரிமான நொதி அங்கே ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நெஞ்சைச் சுடாமல் கடந்துபோகிற அளவே தொண்டையைப் புண்ணாக்கப் போதும்.

இதைத் தேடுவதற்கு 2002இல் வெளியான ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கம்மல், செருமல், தொண்டையில் சளி, படுத்தால் இருமல் என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 13ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். டீச்சர் 24 எடுத்தார். ஆனால் அலர்ஜிக்காரர் ஒருவரும் இதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார் என்பதால் இதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது.

அடுத்தது மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பி. மரத்துப்போகும் மருந்தை மூக்கில் அடித்துவிட்டுப் பார்த்தால் சில நிமிட வேலை. திரையில் குரல்வளையின் பின்பக்கம் சிவந்து தடித்திருந்தது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இந்தச் சிவப்பைக் கண்டவுடன் "அமிலம்" என்று எழுதி மாத்திரை கொடுத்துவிடுவேன். இப்போது சிவப்பை மட்டும் பார்த்துக் கொடுப்பதில்லை. ஓயாமல் செருமினாலே சிவக்கும்; கத்தினாலும் புகைத்தாலும் சிவக்கும். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களிடமும் இந்தச் சிவப்பு உண்டு.

"மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் அமிலம்" என்ற பழைய வழியும் நம்பத்தக்கதல்ல. பிரிட்டனில் 346 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. தொண்டைத் தொந்தரவு உள்ளவர்களில் ஒரு பாதிக்கு லான்சோப்ரசோல் என்ற, அமிலச் சுரப்பைக் குறைக்கும் கேஸ் மாத்திரை தினம் இரண்டு வேளை, 16 வாரம். மறுபாதிக்கு வெறும் போலி மாத்திரை. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள்.

தேறாதவர்களைப் பற்றித்தான் என் கவலை. ஐம்பத்தைந்து வயதுக் கொத்தனார் ஒருவர் வந்தார், பீடிப் பழக்கம் உள்ளவர். ஏழு மாதமாகக் குரல் கம்மல். முதலில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, பிறகு ஒரு மருத்துவரின் சீட்டிலும் கேஸ் மாத்திரை. டீச்சரைப் போலக் காலையில் மோசமாகி மதியம் தெளிகிற கம்மல் அல்ல. நாள் முழுக்க ஒரே கரகரப்பு, வாரத்துக்கு வாரம் கூடியது. அதுவரை யாரும் உள்ளே பார்த்திருக்கவில்லை. "ஈ" என்று சொல்லச் சொன்னேன். வலது குரல்நாண் நடுவுக்கு வந்தது. வெள்ளையாய்ச் சொரசொரத்த இடது குரல்நாண் அசையாமல் நின்றது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய். தொடக்கத்திலேயே பிடித்திருந்தால் பெரும்பாலும் கதிர்வீச்சு மட்டுமே போதும், குரலும் தங்கும்.

நான்கு வாரத்தில் சரியாகாத கம்மலுக்குக் குரல்வளையைப் பார்க்க வேண்டும், பார்க்காமல் அறிகுறியை மட்டும் நம்பி அமில மாத்திரை எழுதக் கூடாது என்று 2018இன் அமெரிக்க வழிகாட்டுநெறி சொல்கிறது. பீடி, சிகரெட், புகையிலை போடுகிறவர்கள் அந்த நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். விழுங்கச் சிரமம், காதுக்குப் பாயும் வலி, கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், எடை குறைவு என்றால் அன்றைக்கே வாருங்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவு.

எதுக்களிப்பை நேரடியாக அளக்கவும் சோதனை உண்டு. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு 24 மணி நேரம் பதிவு செய்வார்கள். எல்லாருக்கும் தேவையில்லை, மருந்து கேட்காதபோதும், அறுவை சிகிச்சை யோசிக்கும்போதும் செய்கிறோம்.

டீச்சருக்கு வருகிறேன். சிவப்போடு, இரு குரல்நாண்களிலும் கடுகளவு முடிச்சுகளும் இருந்தன. நாளுக்கு ஆறு பீரியட் கத்துவதன் விளைவு அது. ஆகவே காரணம் ஒன்றல்ல. குரல் பயிற்சிக்கு அனுப்பினேன். இரவுச் சாப்பாடு எட்டுக்குள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். செருமத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர். கூடவே கேஸ் மாத்திரை, காலை உணவுக்கு அரை மணி முன்னால், வெறும் வயிற்றில், எட்டு வாரம்.

மூன்று மாதம் கழித்து வந்தார். பேசிய பத்து நிமிடத்தில் ஒரே ஒரு செருமல். விடைத்தாளை இப்போது காலை ஐந்து மணிக்குத் திருத்துகிறாராம். மாத்திரையா, சாப்பாட்டு நேரமா, பயிற்சியா, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எட்டு வாரத்தோடு நின்ற மாத்திரையை மறுபடி எழுதவில்லை. செங்கல் அப்படியே இருக்கட்டும் என்றேன்.