டிரிபிள் ஆப்ஷன்: மும்முனைத் தாக்குதலா, முத்தெரிவா?

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றித் தமிழில் பேசும் ஒரு காணொளியைப் போன வாரம் கேட்டேன். பயிற்சியாளர் பால் ஜான்சனைப் பற்றியது. "மும்முனைத் தாக்குதலால் எதிரணிகளை நிலைகுலைய வைத்தவர்" என்று தொடங்கினார்கள். அவருடைய அணிகள் ஆடிய 'டிரிபிள் ஆப்ஷன்' என்ற ஆட்ட முறைக்குத்தான் இந்தத் தமிழ்ப் பெயர். அடுத்த பத்து நிமிடத்தில் அந்த மும்முனை ஏழெட்டு முறை வந்துவிட்டது. இதே சொல்லை முன்பும் இரண்டு மூன்று இடங்களில் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. டிரிபிள் ஆப்ஷனில் மூன்று முனையும் கிடையாது, மூன்று தாக்குதலும் கிடையாது.

வேரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆப்ஷன் லத்தீன் சொல்லான 'ஆப்டியோ'விலிருந்து வந்தது. அதன் வினை 'ஆப்டாரே': விரும்பு, தேர்ந்தெடு. ரோமானியப் படையில் நூற்றுவர் தலைவனின் துணை அதிகாரிக்கும் ஆப்டியோ என்றுதான் பெயர். தலைவன் தேர்ந்தெடுத்த ஆள் என்று பொருள். டிரிபிள் என்பது மும்மடங்கு. வேர் இவ்வளவே. களத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் சொல் கிடைக்கும்.

ஆட்டத்தை நடத்தும் வீரரான குவாட்டர்பேக்கின் கைக்குப் பந்து வருகிறது. அதை, நடுவே முன்னோக்கிப் பாயும் ஓட்டக்காரரான ஃபுல்பேக்கின் வயிற்றோடு சேர்த்து வைக்கிறார். ஆனால் கையை எடுப்பதில்லை. கண் பந்தில் இல்லை. எதிரணியின் முன்வரிசை ஓரத்தில் நிற்கும் ஒருவர் மேல் இருக்கிறது. அந்த ஆளை யாரும் தடுக்கவில்லை, வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். அவர் ஃபுல்பேக்கை மறிக்க உள்ளே பாய்ந்தால், குவாட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். பாயாமல் நின்றால் பந்து ஃபுல்பேக்குக்கே. வெளியே ஓடினால் அங்கே விட்டுவைத்த இன்னோர் ஆள். அவர் குவாட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால், கூடவே ஓடிவரும் மூன்றாமவருக்குப் பந்து எறியப்படும். மூன்றாமவரைக் காக்கப் போனால் குவாட்டர்பேக்கே ஓடுவார். எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். விட்டுவைக்கப்பட்ட ஆள் இருதலைக்கொள்ளி எறும்பு. எந்தப் பக்கம் போனாலும் பந்து மறுபக்கம் போய்விடும். அவரைத் தடுக்க ஆள் செலவாகாததால், மிச்சமான ஆள் வேறொருவரைத் தடுக்கப் போகலாம்.

இப்போது மும்முனைத் தாக்குதலை எடுத்துக்கொள்வோம். தரை, கடல், வான் என மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் அடிப்பதைத்தான் நம் செய்தித்தாள்கள் அப்படி எழுதுகின்றன. மும்முனைப் போட்டி என்றால் மூன்று வேட்பாளரும் களத்தில் இருப்பார்கள். மும்முனை மின்சாரம் என்றால் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பம்புசெட் ஓடும். எங்கும் மூன்றும் ஒருசேர நிற்கின்றன. டிரிபிள் ஆப்ஷனில் பந்து ஒன்று, வழி ஒன்று. மூன்றில் இரண்டு வழிகள் ஒவ்வொரு முறையும் கைவிடப்படுகின்றன. அந்தக் கைவிடலில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. மும்முனை என்ற சொல் அதையே மறைத்துவிடுகிறது. கேட்பவர் மனதில் பலசாலி அணி ஒன்று மூன்று பக்கமும் மோதுவதுபோல் படம் விழும். உண்மையில் இது உடல்பலம் குறைந்த அணிகளுக்கு உதவிய முறை.

'விருப்பம்' என்பவர்களும் இருக்கிறார்கள். லத்தீன் வேரிலேயே விருப்பம் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். வேரைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிடுவது நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கு வழக்கமாகிவிட்டது. மாணவர் பிடித்ததை எடுப்பது விருப்பப் பாடம். குவாட்டர்பேக்குக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று எதுவுமில்லை. எதிரே நிற்பவர் அசைவு சொல்வதை அவர் செய்தாக வேண்டும். தன் விருப்பப்படி பந்தை வைத்துக்கொள்பவரை எந்தப் பயிற்சியாளரும் அடுத்த ஆட்டத்தில் இறக்க மாட்டார்.

'மூன்று வாய்ப்பு' இன்னும் மோசம். அந்த ஆட்டத்தில் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் தருவார்கள். டவுன் என்பதற்கு வாய்ப்பு என்றே தமிழில் சொல்லி வருகிறோம். மூன்று வாய்ப்பு என்றால் மூன்றாவது டவுன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 'தேர்வு' நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் அதைப் பரீட்சை விழுங்கிவிட்டது. முத்தேர்வு என்றால் காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

என் பரிந்துரை 'தெரிவு'. தெரி என்ற வினைக்குக் கண்ணுக்குப் புலப்படு என்றும் பொருள், ஆராய்ந்து தேர்ந்தெடு என்றும் பொருள். குறளில் மட்டும் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று மூன்று அதிகாரங்களின் பெயரில் இந்த வினை நிற்கிறது. இலங்கையில் பாராளுமன்றத் தெரிவுக்குழு என்று இன்றும் நாள்தோறும் புழங்குகிறது. பார்த்தலும் எடுத்தலும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. டிரிபிள் ஆப்ஷன் குவாட்டர்பேக் செய்வது அதுதான்: பார்க்கிறார், பார்த்ததால் எடுக்கிறார். ஆப்ஷன் என்ற மூலச் சொல்லில்கூட இந்தப் பார்வை இல்லை. மூன்றோடு சேர்த்தால் முத்தெரிவு. 'முத்து எரிவு' என்று பிரித்துவிடுவார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். முத்தமிழை யாரும் முத்து அமிழ் என்று பிரித்ததில்லை.

சொல் ஒன்று சரியானால் பக்கத்துச் சொற்களையும் திருத்த வேண்டும். குவாட்டர்பேக் எதிராளியைப் 'படிக்கிறார்' என்று எழுதாதீர்கள்; நோட்டம் பார்க்கிறார் என்றால் போதும். பிட்ச் என்பதை 'ஆடுகளம்' என்று எழுதிய ஒரு கட்டுரையைப் படித்து வருந்தினேன். அது கிரிக்கெட். இங்கே அது பக்கவாட்டிலோ பின்னாலோ எறியும் எறிதல்; தவறி விழுந்தால் எதிரணியும் எடுத்துக்கொள்ளலாம். பின்வீச்சு என்பேன்.

விஷ்போன் பாடு அதைவிடப் பரிதாபம். 1968இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டாரல் ராயலின் உதவிப் பயிற்சியாளர் எமரி பெலார்ட் அமைத்த அணிவகுப்பு அது. முத்தெரிவை ஆடுவதற்கென்றே அமைத்தது. அதைக்கொண்டு டெக்சஸ் தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது. கோழி நெஞ்சில் கவைபோல் இருக்கும் எலும்பின் வடிவம் என்பதால் அந்தப் பெயர். இதை 'ஆசை எலும்பு' என்று எழுதுகிறார்கள். பையன்கள் கல் அடிக்கும் கவட்டையைப் பார்த்த எவருக்கும் அந்த வடிவம் தெரியும். கவட்டை அணிவகுப்பு என்றால் ஃபுல்பேக் முன்னே, இருவர் பின்னே இருபுறம் என்பது சொல்லாமலே விளங்கும்.

பால் ஜான்சனுக்கு வருகிறேன். ஜார்ஜியா சதர்ன் பல்கலைக்கழகத்துக்கு 1999, 2000 ஆண்டுகளில் இரண்டாம் அடுக்குப் பட்டங்களை வாங்கித் தந்துவிட்டு, அவர் அமெரிக்கக் கடற்படை அகாடமிக்குப் போனார். 2001இல் ஆடிய பத்தும் தோற்ற அணி அது. முடித்ததும் ராணுவப் பணிக்குப் போக வேண்டிய கல்லூரி என்பதால் மலைபோன்ற உடல்வாகுள்ள வீரர்கள் அங்கே வருவது அரிது. 2002இல் இரண்டு வெற்றி. 2004இல் பத்து வெற்றி. 2007இல் நோட்ர டாம் பல்கலைக்கழக அணியை மூன்று கூடுதல் நேரச் சுற்றுகளுக்குப் பிறகு 46–44 என்று வென்றார்கள். அதற்கு முன் 43 ஆண்டுகள் தொடர்ந்து அந்த அணியிடம் தோற்றிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜான்சன் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் போய் 2018 வரை அதே முறையைத்தான் ஆடினார்.

இவரையா மும்முனையில் தாக்கியவர் என்பது? எதிரணியின் ஆளைத் தொடாமலே விட்டுவிட்டு, அவன் கால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தக் காணொளியின் முதல் வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "முத்தெரிவு ஆட்டத்தால், எதிரணி எதைச் செய்தாலும் அதைத் தவறாக்கியவர்."