"ராத்திரி வீடியோ, காலையில் அதே ஸ்லைடா?"

எம்பிபிஎஸ் முதலாண்டுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். பாதி ஆன்லைன், பாதி நேரடி வகுப்பு என்ற கலப்பு முறை 2020 ஊரடங்கில் அவசரத்துக்கு வந்து, பல கல்லூரிகளில் அப்படியே தங்கிவிட்டது. ஒவ்வொரு பேட்சிடமும் இதைப் பற்றிக் கேட்பேன். வீடியோ வேண்டாம் என்பவர்கள் அநேகமாக இல்லை. ராத்திரி பார்த்த பாடத்தையே காலையில் ஸ்லைடு போட்டு மறுபடி எடுக்கிறோமே, அதுதான் அவர்கள் புகார். தியரிக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும் என்பதால் எழுந்து போகவும் முடியாது.

வீடியோவை அதிகம் விரும்புகிறவர்கள், தமிழ்வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த அரசுப் பள்ளி மாணவர்கள். இதயச் சுழற்சிப் படத்தில், அதாவது ஒரு துடிப்பில் இதயத்தில் நடப்பதைக் காட்டும் வரைபடத்தில், அழுத்தம், கன அளவு, இசிஜி, இதய ஒலி எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். ஆங்கிலத்தில் நான் கடகடவென்று சொல்லிவிட்டுப் போவதை அவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். வகுப்பில் கை தூக்கிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் இவர்கள்தான். ஆங்கிலவழியில் வந்தவர்கள் அதையே 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டி முடித்துவிடுகிறார்கள்.

ப்ராக்டிகல் என்று வந்தால் கதை வேறு. பிபி பார்க்கும் வீடியோவைப் பார்த்தவர்கள் கோரட்காஃப் ஒலியின் (காற்றை இறக்கும்போது ஸ்டெத்தில் கேட்கும் ஒலி) ஐந்து கட்டங்களையும் ஒப்பிப்பார்கள். கையில் சுற்றும் கஃப்பைக் கட்டச் சொன்னால், நாடியைத் தொட்டு சிஸ்டாலிக்கை (பிபியின் மேல் அளவை) முதலில் கணிக்காமல் நேராக ஸ்டெத்தை வைத்துவிடுவார்கள். சில நோயாளிகளுக்கு ஒலி நடுவில் மறைந்து மறுபடி கேட்கும். நாடியைத் தொட்டுப் பார்க்காமல் அதில் ஏமாந்தால் 180 இருப்பவருக்கு 150 என்று எழுத நேரும். கஃப்பின் அழுத்தத்தை விநாடிக்கு 2–3 மி.மீ. பாதரச அளவு வீதம் இறக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். விரல் பழகத்தான் நாளாகும். "செய்முறையை மட்டும் ஆன்லைனில் தள்ளிவிடாதீங்க" என்று அவர்களே சொல்கிறார்கள். சீனாவில் சேர நினைத்தவர்களை எச்சரித்து 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிப்பில், முழுக்க ஆன்லைனில் படித்த மருத்துவப் படிப்பை ஏற்க மாட்டோம் என்று தேசிய மருத்துவ ஆணையமும் சொன்னது.

சரி, ஸ்லைடை விட்டால் வகுப்பில் என்ன செய்வது? ஒரு கேஸைக் கொடுத்துப் பேச விடலாம். மயங்கி விழுந்த முதியவர், நாடி நிமிடத்துக்கு 38, இசிஜி இதோ, ஏன் என்று சொல்லுங்கள். வீடியோ பார்த்தவர்கள் பேசுவார்கள், பார்க்காதவர்கள் விழிப்பார்கள். அவர்களைச் சோம்பேறி என்று முடிவுகட்ட வேண்டாம். ஹாஸ்டல் வைஃபை பல இடங்களில் பெயருக்குத்தான் இருக்கிறது. டவுன்லோடு செய்துகொள்ளும்படி சின்னச் சின்ன வீடியோவாகக் கொடுங்கள். அப்புறம், மாணவர்கள் கேட்டதில் மிக நியாயமானது இது: வீடியோ பார்க்கும் நேரத்தையும் டைம்டேபிளில் சேருங்கள்.