கோல் வாய் எங்கே விரிகிறது, எங்கே சுருங்குகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து தரம் 11 படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ரொனால்டோவுக்கும் மெஸ்ஸிக்கும் இத்தனை கோல் எப்படி வருது? நானும் ஓரத்தால பந்தைக் கொண்டு வேகமாத்தான் போறன். அடிக்கப் போற நேரம் கோல் வாயே சுருங்கிப் போகுது." அந்தக் கடைசி வசனத்திலேயே பாதி விடை கிடக்கிறது. உண்மையாகவே சுருங்குகிறது. எவ்வளவு என்று கணக்கும் போடலாம்.

முதலில் ஆட்கள். கிறிஸ்டியானோ ரொனால்டோ 2024 செப்டெம்பர் 5 அன்று குரோஷியாவுக்கு எதிராகத் தன் 900ஆவது கோலை அடித்தார். மெஸ்ஸி 2023இல் 800ஐத் தொட்டார். பெலேயின் கணக்கு, நட்புப் போட்டிகளையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். நாட்டுக்காக அடித்த கோல்கள் என்று பார்த்தால் ஆண், பெண் எல்லாரையும் விட முன்னால் நிற்பவர் கனடாவின் கிறிஸ்டீன் சின்கிளேயர்: 190 கோல். இந்தப் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

ஆனால் இந்தக் கேள்விக்கு நான் கூப்பிடும் சாட்சி கேர்ட் முல்லர். மேற்கு ஜேர்மனிக்காக 62 போட்டிகளில் 68 கோல். ஜேர்மனியின் முதல்தர லீக்கான பண்டஸ்லிகாவில் 427 போட்டிகளில் 365. கட்டையான, தொடை பருத்த மனிதர். 1974 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் நெதர்லாந்துக்கு எதிராக அவர் அடித்த வெற்றிக் கோலைப் பாருங்கள். வலப்பக்கத்திலிருந்து வந்த பந்து அவர் காலில் பட்டுச் சற்றுப் பின்னால் போய்விடுகிறது. அவர் பின்வாங்கி, உடம்பைத் திருப்பி, நிலத்தோடு ஒரு தட்டுத் தட்டுகிறார். அடியில் பெரிய வேகமில்லை. கோல் காப்பாளர் அசைய முதல் பந்து உள்ளே. முல்லரின் கோல்களில் பெரும்பகுதி இப்படிக் கிட்ட நின்று அடித்தவைதான்.

கிட்ட நின்றால் என்ன நடக்கிறது? கோலின் அகலம் 7.32 மீற்றர். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் இரண்டு நேர்கோடு கீறினால் நடுவில் ஒரு கோணம் வரும். பந்து அதற்குள் போனால்தான் கோல். நேர் முன்னே 25 மீற்றரில் நின்றால் அந்தக் கோணம் ஏறத்தாழ 17 பாகை. பெனால்டிப் புள்ளியில், அதாவது 11 மீற்றரில், 37 பாகை. ஐந்தரை மீற்றருக்கு வந்துவிட்டால் 67. நேரமும் கூடவே குறைகிறது: மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அடித்த பந்து 25 மீற்றரைக் கடக்க 0.9 செக்கன் எடுக்கும், 11 மீற்றருக்கு 0.4 செக்கன்தான்.

இதெல்லாம் நேர் முன்னே நிற்பவருக்கு. தம்பியின் சிக்கல் ஓரத்தில். அங்கேதான் நான் மிகவும் நேசிக்கும் கணிதம் வருகிறது.

வட்டமொன்றின் ஒரே துண்டத்திலுள்ள கோணங்கள் சமம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இப்போது இரண்டு கம்பங்களுக்கும் இடையிலுள்ள கோல் கோட்டை ஒரு நாணாக, அதாவது வட்டத்தின் இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடாக, நினையுங்கள். இரண்டு கம்பங்களையும் பெனால்டிப் புள்ளியையும் தொட்டுக்கொண்டு மைதானத்தில் ஒரு வட்டம் கீறுங்கள். மைதானத்துக்குள் அந்தப் பரிதியில் எங்கே நின்றாலும் அதே 37 பாகைதான்! கம்பத்துக்கு வெளியே இரண்டரை மீற்றர் தள்ளி, கோல் கோட்டிலிருந்து 5 மீற்றரில் நிற்பவருக்கும் பெனால்டி அடிப்பவருக்கும் கோல் வாய் ஒரே அளவு. வட்டத்துக்கு உள்ளே போனால் கோணம் விரியும், வெளியே வந்தால் சுருங்கும். இப்படி ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு வட்டம். எல்லா வட்டமும் அந்த இரண்டு கம்பங்களையும் ஊடறுத்தே போகும். மைதானத்தில் ஒரு வட்டமும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு அடியும் ஏதோவொரு வட்டத்தின் மேல் நின்றுதான் அடிக்கப்படுகிறது.

சரி, தம்பி ஓரக்கோட்டுக்குச் சமாந்தரமாக ஓடுகிறார். கோலின் நடுவுக்கு நேரான கோட்டிலிருந்து 10 மீற்றர் விலகி ஓடுகிறார் என்று வைப்போம். கோல் கோட்டுக்கு 16.5 மீற்றர் இருக்கும்போது அவருக்குக் கிடைப்பது 18.6 பாகை. ஓட ஓடக் கூடுகிறது. 9.3 மீற்றரில் 21.5 பாகை. அதுதான் உச்சம். அதற்குப் பிறகு கோலுக்குக் கிட்டப் போகப் போகக் குறைகிறது: 4 மீற்றரில் 16, 2 மீற்றரில் வெறும் 9. கோட்டுக்கே போய்விட்டால் பூச்சியம்.

அந்த 9.3 எங்கிருந்து வந்தது? அவர் ஓடும் பாதை வட்டங்களில் ஒன்றை வெட்டாமல் தொட்டுக்கொண்டு மட்டும் போகும். பாதை அந்த வட்டத்துக்குத் தொடலி, தொடும் புள்ளிதான் உச்சம். விலகல் தூரத்தை வர்க்கித்து, அதிலிருந்து கோலின் பாதி அகலமான 3.66இன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். விடை கையில். இதே வகைக் கேள்வியை 1471இலேயே ரெஜியோமொன்டானஸ் என்ற ஜேர்மன் கணிதர் எழுப்பியிருக்கிறார். உதைபந்தாட்ட விதிகள் எழுதப்படுவதற்கு ஏறக்குறைய 400 வருடம் முன்னர்!

மெஸ்ஸி வலது ஓரத்தில் பந்தை வாங்கி, இடது காலால் உள்ளே வெட்டிக்கொண்டு வருவதை இனி இந்தக் கண்ணால் பாருங்கள். பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்துக்கு இறங்குகிறார், கோணம் விரிகிறது. ரொனால்டோவும் ஓரத்து ஆட்டக்காரராகத் தொடங்கி, வயது ஏற ஏறப் பெனால்டிப் பெட்டிக்குள் குடிபுகுந்தவர். தொலைக்காட்சியில் 'எக்ஸ்-ஜி' என்று, ஓர் அடி கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும் ஒரு எண் காட்டுகிறார்களே, அந்தக் கணிப்பின் அடிப்படையும் தூரமும் கோணமும்தான்.

மட்ச்சுக்கு முதல் கம்பத்தடியில் தேசிக்காய் வெட்டினால் கோல் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பிழை என்றே நினைக்கிறேன். கோல் தவறினால் அந்தப் பிள்ளை தான் நின்ற இடத்தைப் பார்க்காமல் செய்வினையைத் தேடும். அதைவிட மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு பருவத்துப் போட்டிகளைப் போனில் பதிந்து, ஒவ்வொரு அடியும் எங்கிருந்து போனது என்று குறிக்கக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் நாலு பேருக்கு ஒரு சிறு தொகை கொடுக்கலாம். நம் பிள்ளைகள் எந்த இடத்தில் பந்தை வீணாக்குகிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும்.

அதுவரை கல்லடிக் கடற்கரை இருக்கிறது. மணலில் 3 மீற்றர் இடைவெளியில் இரண்டு தடி நடுங்கள். நடுவிலிருந்து 5 மீற்றர் விலகி நேரே ஒரு கோடு கீறி, அதன் வழியே ஓடுங்கள். அடிக்க வேண்டிய இடம் கோல் கோட்டிலிருந்து 4.8 மீற்றரில்.